குர்ஆனில் வானம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: 36:39 வசனம் சந்திரனைக் காய்ந்த பேரீச்சங்காம்போடு ஒப்பிடுகிறதே, அது எந்தப் பிறை?

பதில்: மாதக் கடைசிப் பிறை. ‘உர்ஜூன்’ என்பது பேரீச்சங்குலையின் காம்பு. பழசானால் மெலிந்து வளைந்து மஞ்சளாகும். விடியலுக்கு முன் கிழக்கே பாருங்கள், உவமை விளங்கிவிடும். அதே வசனத்தின் ‘மனாஸில்’ என்பதை அரபியர் 28 தங்குமிடங்களாக எண்ணினர். சந்திரன் அதே விண்மீனிடம் திரும்ப 27.3 நாள் போதும். அதற்குள் சூரியன் நகர்ந்துவிடுவதால், பிறைக்குப் பிறை சராசரி 29.53 நாள். இரண்டையும் ஒன்றென எடுத்தால் மாதக் கணக்கே பிசகும்.

கேள்வி: அமாவாசை முடிந்த மாலையே பிறை தெரிய வேண்டாமா?

பதில்: பெரும்பாலும் தெரியாது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைவெளி சுமார் 7 பாகைக்குக் குறைந்தால் பிறைக்கீற்றே உருவாகாது. அந்த இடைவெளி மணிக்கு அரை பாகைதான் கூடும். 15 மணி நேரத்துக்கும் இளைய பிறை வெறுங்கண்ணில் படுவது மிக அரிது. சூரியன் மறைந்து 20 நிமிடம் கழித்து, மறைந்த இடத்தை ஒட்டித் தேடுங்கள். மறையும் முன் தொலைநோக்கியைத் தூக்கினால் கண் போய்விடும். மேகம் மறைத்தால் மாதத்தை 30 நாளாகப் பூர்த்தி செய்யச் சொல்கிறது ஹதீஸ் (நபிமொழி).

கேள்வி: குகைவாசிகள், அதாவது குகையில் நெடுங்காலம் உறங்கிய இளைஞர்கள், அங்கே தங்கியது ‘முந்நூறு ஆண்டு, மேலும் ஒன்பது’ (18:25). ஏன் இப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டும்?

பதில்: 300 சூரிய ஆண்டு என்பது 1,09,573 நாள். 354.37 நாள் கொண்ட சந்திர ஆண்டால் வகுத்தால் 309.2. குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீரும் இந்த வித்தியாசத்தைச் சொல்கிறார். ஆனால் வசனத்தில் சூரியன், சந்திரன் என்ற சொல் கிடையாது, இது விளக்கம்தான்.

கேள்வி: 51:47 பிரபஞ்ச விரிவைச் சொல்கிறதா?

பதில்: வானத்தைப் படைத்தது பற்றி அங்கே வரும் ‘மூஸிஊன்’ என்பதற்கு ‘விசாலமாக்குபவர்’, ‘ஆற்றலுள்ளவர்’ என்றே பழைய விரிவுரையாளர்கள் பொருள் தந்தார்கள். 1929-இல் வானியலாளர் ஹப்பிள் கண்ட பிரபஞ்ச விரிவை அதில் வாசிப்பது பிற்காலத்தது. மொழி இடம் தருகிறது. ஆனால் அதை ஆதாரமாக நிறுத்தி வாதாடுவது பலவீனம்.

கேள்வி: 53:49-இல் வரும் ‘ஷிஃரா’?

பதில்: சிரியஸ். இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன், தூரம் 8.6 ஒளியாண்டு.

கேள்வி: நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று கிரகணம் என்கிறார்களே, தேதி உண்டா?

பதில்: 632 ஜனவரி 27 கிரகணம் அதற்குப் பொருந்துகிறது. யாருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அன்றே சொன்னார்கள். இப்ராஹீம் இறந்தது 10ஆம் பிறை என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அது ஆகாது: சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், பிறை 10-இல் சந்திரன் வானத்தின் வேறு பக்கத்தில் இருக்கும்.