குவாட் பைக்கின் ஏர் பாக்ஸைத் திறக்கலாமா, சைலன்சரை மாற்றலாமா?

கேள்வி: பேச்சிப்பாறை அருகே எங்களுக்கு ரப்பர் தோட்டம் உள்ளது. அங்குள்ள சரிவுப் பாதைகளில் ஓட்டுவதற்காக, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய 250 சிசி குவாட் பைக் (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஏற்றத்தில் இழுவை போதவில்லை. ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸின் மூடியைக் கழற்றிவிட்டு, புகை தடையின்றி வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் பொருத்தி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். இந்தச் செலவைச் செய்யலாமா? – வாசகர், குலசேகரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூடியைக் கழற்றுவதாலும் பெரிய குழாய் கொண்ட சைலன்சராலும் கிடைக்கும் கூடுதல் சக்தி, எஞ்சின் அதிகச் சுழற்சியில் ஓடும்போதுதான் தெரியும். கல்லும் வேருமாகக் கிடக்கும் சரிவில் நீங்கள் ஓட்டுவதோ குறைந்த சுழற்சியில். அந்நிலையில் அகலமான குழாயில் புகை வெளியேறும் வேகம் குறைவதால், இருக்கிற இழுவையும் சற்றுத் தளரவே வாய்ப்பு அதிகம்.

மெயின் ஜெட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பதும் பாதி உண்மைதான். மெயின் ஜெட் பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டரை முக்கால் பங்குக்கு மேல் திருகும்போதுதான் வேலை செய்கிறது. கால் பங்கு வரை பைலட் ஜெட் என்ற சிறு துளையும், அதற்கு மேல் முக்கால் பங்கு வரை கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஊசியும் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கின்றன. தோட்டப் பாதையில் உங்கள் கை பெரும்பாலும் பாதிக்குக் கீழேயே நிற்கும் என்பதால், காற்றைக் கூட்டிவிட்டு இவ்விரண்டையும் சரிசெய்யாமல் விட்டால், கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடாகும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிச்சத்தம் கேட்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் பீங்கான் முனை இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. பைலட் ஜெட், ஊசி, மெயின் ஜெட் ஆகிய மூன்று இடங்களிலும் சரிசெய்து, பிளக்கையும் பார்த்துத் தருவேன் என்று சொல்லாத வொர்க்‌ஷாப்பில் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

மூடியைக் கழற்றுவதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மழையே பெரிய தடை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. ஓடையைக் கடக்கும்போது தெறிக்கும் செம்மண் நீரைத் தடுத்து நிறுத்துவது அந்த மூடிதான். ஃபில்டர் நனைந்தால் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். சிலிண்டருக்குள் தண்ணீரே புகுந்துவிட்டால் பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளையக்கூடும். அதற்குப் பிறகு ஆகும் செலவு, நீங்கள் பழைய வண்டிக்குக் கொடுத்த விலையை எட்டினாலும் வியப்பதற்கில்லை.

பணம் செலவழிக்குமுன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னாலுள்ள ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் செந்தூள் ஒட்டினால், ஃபில்டர் சரியாக அமராமல் தூசி எஞ்சினுக்குள் போகிறது என்று பொருள். பழைய வண்டியில் இழுவை குறைய இதுவும் ஒரு காரணம். ஃபோம் ஃபில்டர் என்றால் கழுவி நன்றாக உலர்த்தி, அதற்குரிய எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, விளிம்பில் கிரீஸ் தடவிப் பொருத்த வேண்டும். இதன் பிறகும் போதாதென்றால், செயின் வண்டியாக இருக்கும் பட்சத்தில் பின் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல் சக்கரம்) மாற்றி, இரண்டு மூன்று பற்கள் கூடுதலாக உள்ளதைப் போடுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் ஏற்றத்தில் நீங்கள் கேட்கும் இழுவை, சைலன்சரைவிடக் குறைந்த செலவில், இதில்தான் கிடைக்கும்.

சைலன்சரை மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால், தீப்பொறியைத் தடுக்கும் வலை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் தேசிய வனங்களில் இந்த வலை இல்லாத வண்டியை ஓட்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. ரப்பர் இலை உதிரும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தரையெங்கும் சருகு கிடக்கும் நம் தோட்டங்களுக்கும் அந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும். பதிவு செய்யாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது என்பதையும், அனுமதியின்றி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: என் குவாட் பைக்குக்குப் பொருந்தும் என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் சைலன்சர் வாங்கினேன். பிராக்கெட்டே பொருந்தவில்லை. விற்பவர் திரும்பப் பெற மறுக்கிறார். – வாசகர், மார்த்தாண்டம்

பதில்: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளியுங்கள். அதில் தீராவிட்டால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். விளம்பரப் பக்கத்தின் படத்தையும் பில்லையும் இன்றே சேமித்து வையுங்கள். பிராக்கெட்டை அறுத்தோ வெல்டிங் செய்தோ பொருத்திப் பார்க்க வேண்டாம்; அப்படிச் செய்தால், பொருளை நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்று விற்பவர் வாதிட வழி கிடைத்துவிடும்.