ஃப்ரண்ட் வீல் காரைக் கழித்த காரின் பாகங்களை வைத்து ஃபோர் வீலாக மாற்ற முடியுமா?

முடியும். நான் மாற்றியிருக்கிறேன், அந்தக் கார் திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஆனால் எல்லாக் காரிலும் முடியாது. உங்கள் கார் எது என்று எழுதவில்லை. ஜப்பானில் ஓடி, இங்கே இறக்கிய ரீகண்டிஷன் கார்தான் என்று வைத்துக்கொள்கிறேன். அதே மாடலை அதே எஞ்சினோடு கம்பனியே ஃபோர் வீலாகவும் செய்திருந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

என்னுடையது டொயோட்டா கொரோலா 121. இதற்கு 124 என்று ஒரு கூடப்பிறந்தது உண்டு. அதே 1500 சிசி எஞ்சின், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும்.

மனைவி கும்புறுப்பிட்டிக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். புல்மோட்டை வீதி நல்ல தார் வீதி. அதை விட்டு இறங்கினால் களிமண். கார்த்திகை, மார்கழி மழையில் முன் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். பிள்ளைகள் ஓடிவந்து தள்ளுவார்கள், சேறு தெறித்த சேலையோடு அவர் வகுப்புக்குள் போவார். ஜீப் வாங்கலாமே என்று சொல்வீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025இல். அந்த இடைவெளியில் பழைய ஜீப் ஒன்றின் விலை, சம்பளத்தில் வாழ்கிறவர் கேட்கக்கூடிய விலையாக இல்லை.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாகம் பாகமாகத் தேடாதீர்கள், முழுக் காராக வாங்குங்கள். கியர்பொக்ஸ் ஒரு கடையில், பின் டிபரன்சியல் (பின் சக்கரம் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்பெட்டி) இன்னொரு கடையில் என்று வாங்கினால் பல் விகிதம் முன்னும் பின்னும் ஒத்து வராது. ஒத்து வராத இரண்டைப் பூட்டினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், நடுவில் இருந்து, முன் சக்கரம் வழுக்கும்போது பின்னுக்கு இழுவையைக் கடத்தும் விஸ்கஸ் கப்ளிங் சூடேறிச் சாகும். எங்களுக்கு மரம் விழுந்து கூரை நசுங்கிய 124 ஃபீல்டர் (கொரோலாவின் வேகன் வடிவம்) ஒன்று குருநாகல் பக்கம் கிடைத்தது. அடிப்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.

கூரையை நிமிர்த்தி அதையே ஓட்டியிருக்கலாமே என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். தூண்கள் வளைந்திருந்தன. அது பாகங்களுக்கென்று விற்கப்பட்ட கார், வீதியில் ஓட்டப் பதிவுப் புத்தகம் இல்லை. என் காருக்குப் புத்தகம் இருக்கிறது, சேஸி இலக்கம் முன்பக்கம் இருக்கிறது, அதில் நாங்கள் கை வைக்கவே இல்லை.

வேலை மச்சானின் கராஜில் நடந்தது. முன்பக்கம் சுலபம். எஞ்சின் ஒன்றே என்பதால் ட்ரான்ஸ்பரோடு (பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்து அனுப்பும் பகுதி) வந்த கியர்பொக்ஸ் அதே போல்ட்டுகளில் உட்கார்ந்துவிட்டது. ஓட்டோ கியர் என்றால் கம்பியூட்டரையும் வயரிங்கையும் அந்தக் காரிலிருந்தே எடுங்கள்.

பின்பக்கம்தான் முழு வேலையும். 121இன் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை இரும்புச் சட்டம், டோர்ஷன் பீம். அது கழன்று, டிபரன்சியலைச் சுமக்கும் சப்ஃபிரேம் என்ற சட்டகமும், சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி ஆர்ம்களும் வர வேண்டும். பெற்றோல் தாங்கி மாறும், சைலன்சர் குழாய் மாறும், ஹேண்ட்பிரேக் கேபிள் மாறும், ஸ்பெயார் வீல் இருக்கும் தளமும் மாறும். தளத்தை கிரைண்டரால் கண்டபடி அறுக்கவில்லை. ஃபீல்டரில் ஸ்பொட் வெல்ட் ஒவ்வொன்றையும் துளைத்து, தகட்டைக் கம்பனி மடிப்போடு முழுதாகக் கழற்றி எடுத்தோம். என் காரில் பொருத்தும்போது கராஜில் வேலையை நடத்திய பாஸ் (மேஸ்திரி) நாலு மூலையிலிருந்தும் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டின் நுனி தொட்ட இடத்தில் சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை வெல்டிங் பிளாண்டைத் தொட அவர் விடவில்லை. இதைப் படிக்கிற மெக்கானிக்மார் யாரும் அந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கார் கோணலாக ஓடுவதும் நேராக ஓடுவதும் அந்த நூலில்தான் இருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்று வேறு. ஒட்டிய இடமெல்லாம் சீலர் பூசி, உள்ளறைகளுக்கு மெழுகு அடிக்காவிட்டால் துரு தின்றுவிடும்.

"கம்பனி செய்ததைக் கராஜில் மாற்றுவது ஆபத்து" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுபாருவின் ஃபோர் வீல் கதையே ஒரு பட்டறையில்தான் ஆரம்பித்தது. வட ஜப்பானில் தொஹோக்கு மின்சார நிறுவனத்து ஊழியர்கள் பனிமலையில் ஜீப்பில் குளிரில் அல்லாடினார்கள். அவர்களுக்காக மியாகியில் இருந்த சுபாரு விற்பனை நிலையத்தார், ஃப்ரண்ட் வீல் வான் ஒன்றின் பின்னால் நிசான் புளூபேர்டின் பின் அச்சுப் பாகங்களைப் பொருத்திக் காட்டினார்கள். 1972இல் லியோன் ஃபோர் வீல் வந்தது அந்த வழியில்தான். ஓடி குவாட்ரோவின் முதல் சோதனைக் காரும், ஓடி 80இன் உடம்புக்குள் ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் ஜீப்பின் பாகங்களைப் போட்டது. கராஜ் வேலை என்று இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பொறுக்காது. அதற்காகத் திருட்டுத்தனமாகச் செய்யச் சொல்லவில்லை. தொடங்கும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் எழுத்தில் கேளுங்கள்.

பெற்றோல் கூடக் குடிக்கும். 70, 80 கிலோ பாரம் ஏறுகிறது, பின்னுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் சாஃப்ட் எப்போதும் சுற்றுகிறது. பெற்றோல் என்றதும் 2022 ஞாபகம் வருகிறது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நம் ஊர்க் காட்டுக்குள் நிற்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் நாங்கள் பெற்றோல் வரிசையில் இரவெல்லாம் காருக்குள் படுத்துக் கிடந்தோம். அதற்கு இன்றுவரை யாரும் எங்களுக்குப் பதில் சொல்லவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் விட முடியவில்லை.

சரி, பலன் என்ன? தார் வீதியில் வித்தியாசம் தெரியாது, பழையபடி முன் சக்கரம்தான் இழுக்கும். சேற்றில் முன் சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் பின்னால் ஒரு தள்ளு வருவது இடுப்பில் தெரியும். போன மாரி முழுக்க மனைவி யாரும் தள்ளாமல் பள்ளிக்கூடம் போய் வந்தார். நிலாவெளிக் கடற்கரை மணலில் ஓட்டத்தான் கேட்கிறீர்கள் என்றால் வேண்டாம். காரின் உயரம் கூடப்போவதில்லை, வயிறு மணலில் இருந்துவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து சுற்றும். அங்கே டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பது அதிகம் உதவும். எங்கே ஓட்டினாலும் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். இரண்டு மட்டும் புதிதாகப் போடும் பழக்கத்தை மறந்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது கப்ளிங்கைக் கழற்றித் தரச் சொல்லி, ஒரு முனையை இறுக்கிப் பிடித்து மறுமுனையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தேன் போத்தலுக்குள் கரண்டி சுற்றுவதுபோல ஒரே சீரான பிடிப்போடு திரும்ப வேண்டும். லேசாகச் சுழன்றால் உள்ளே இருந்த சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது. அசையவே இல்லையென்றால் தட்டுகள் இறுகிவிட்டன. இரண்டில் எதுவானாலும், கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.