புதுக்கோட்டையில் இரண்டு நாள்: முழங்கால் வலியுள்ள தாயாருடன்

வணக்கம். முழங்கால் வலியுள்ள தாயாரையும் வரலாற்றில் ஆர்வமுள்ள தந்தையாரையும் இரண்டு நாள் புதுக்கோட்டைக்கு அழைத்து வருவதாகவும், மலையேறாமல் எவற்றைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதல் நாள், பாறை சூடேறுவதற்கு முன்பே சித்தன்னவாசலுக்குச் சென்றுவிடுங்கள். அங்கு பாறையைக் குடைந்து அமைத்த சமணக் கோயிலான அறிவர் கோயிலுக்குச் சிறிது தூரமே படியேற வேண்டும் என்பதால், தாயார் கைப்பிடித்து மெல்ல ஏறிவிட்டால், தாமரைக் குளத்தில் மீன்களும் யானைகளும் பறவைகளும், நடுவே மலர் கொய்யும் மனிதர்களுமாக விரியும் விதான ஓவியத்தை அண்ணாந்து பார்க்கலாம். மங்கியிருப்பதால் கண் பழகச் சற்று நேரம் கொடுங்கள். சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்கான ஏற்றம் கடினமானது. அதற்குத் தந்தையார் மட்டும் சென்று வரட்டும். மாலையில் குடுமியான்மலைக் கோயிலின் மண்டபச் சிற்பங்களைச் சமதளத்திலேயே நின்று காணலாம். இசைக் கல்வெட்டையும் தவறவிடாதீர்கள்.

மறுநாள் திருமயம். மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த சிவன், பெருமாள் குடைவரைகளில், பள்ளிகொண்ட பெருமாளின் பேருருவத்துக்கு முன் நிதானமாக நில்லுங்கள். கோட்டை உச்சியை விட்டுவிடலாம். நார்த்தாமலையில் உள்ள விஜயாலய சோழீசுவரம் கோயில் எனக்கு மிகவும் பிடித்த இடமே என்றாலும், அங்குள்ள வழுக்குப் பாறையில் தாயாரை ஏற்ற வேண்டாம். திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தையும் பார்க்க விரும்பினால், அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைக் கருத்தில் கொண்டு பயண நாள்களைத் தேர்ந்தெடுங்கள்.