பதிவு போட்டாச்சு, அப்புறம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. வலைப்பதிவில் எழுதி வெளியிட்ட மறுநாளிலிருந்து அந்தப் பதிவை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

"செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சி பற்றி ரொம்ப உழைத்து எழுதினேன். முதல் நாள் 84 பேர் படித்தார்கள், மூன்றாம் நாள் நான்கு பேர், இப்போது ஒருவரும் இல்லை. பதிவு செத்துவிட்டதா?" (திருச்சி வாசகி)

இல்லைம்மா. முதல் நாள் வந்தவர்களில் பெரும்பாலானோர் உங்களைத் தெரிந்தவர்கள், உங்களுக்காக வந்தார்கள், பூச்சிக்காக வரவில்லை. செடி வாடி நிற்கிறதே என்று தவிக்கிற ஆளுக்கு உங்கள் பதிவு இருப்பதே இன்னும் தெரியாது. அவர் கூகுளில் தேடித்தான் வருவார், அதற்குச் சில வாரங்கள் ஆகும், புதிய தளம் என்றால் மாதங்கள்கூட ஆகலாம்.

முதல் வேலையாக கூகுள் சர்ச் கன்சோலைத் (உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) திறந்து, மேலே இருக்கும் பெட்டியில் பதிவின் முகவரியை ஒட்டிப் பாருங்கள். கூகுள் அதைச் சேர்த்துக்கொண்டதா இல்லையா என்று சொல்லிவிடும். சேர்க்கவில்லை என்றால் அங்கேயே கோரிக்கை வைக்கலாம். ஒரு தடவை போதும், தினமும் அழுத்துவதால் வேகம் கூடாது.

அப்புறம் நீங்கள் அனுப்பிய, தேடல் சொற்கள் இருக்கும் கன்சோல் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. உங்கள் தலைப்பு "மாவுப்பூச்சி மேலாண்மை". ஆனால் மக்கள் தட்டியிருப்பது "செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி", "செடியில் பஞ்சு மாதிரி இருக்கு", அதோடு இவற்றையே தங்லிஷில் நாலைந்து விதமாக. மேலாண்மை என்று ஒருவர்கூடத் தேடவில்லை. பூச்சியின் பெயர் தெரிந்தவருக்கு மருந்தும் தெரிந்திருக்கும், பெயர் தெரியாதவர்தான் தேடுகிறார். அதனால் தலைப்பை "செம்பருத்தியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சியா?" என்று மாற்றி, முதல் பத்தியிலேயே "இதற்கு மாவுப்பூச்சி என்று பெயர்" எனச் சொல்லிவிடுங்கள். தேடியவர்கள் ஒற்றெழுத்து விட்டிருக்கிறார்களே என்று நீங்களும் விட வேண்டாம், சரியாகவே எழுதுங்கள். இந்தத் திருத்தத்தை, பதிவை வெளியிட்ட மூன்றாவது, நான்காவது வாரத்தில் செய்வதுதான் சரி, அதற்கு முன்னால் பார்த்தால் கையில் போதுமான தேடல் சொற்கள் இருக்காது. கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கும், எனவே பதற்றமே வேண்டாம்.

"22 வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டேன். இரண்டு குரூப்பில் தூக்கிவிட்டார்கள், படித்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான்." (கோவை)

ஒரே செய்தியை 22 இடத்தில் ஃபார்வர்டு செய்தால் அது விளம்பரம் மாதிரிதான் தெரியும். 2018 முதல் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து உரையாடலுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. கைமாறிக் கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்டால், 2020 முதல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் போகும். அந்தக் குறியைப் பார்த்ததும் திறக்காமலே தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டு குரூப் போதும், ஆனால் அங்கே நீங்கள் பேசுகிற ஆளாக இருக்க வேண்டும். யாராவது செடியின் படத்தைப் போட்டு "இது என்னங்க?" என்று கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டதும் முழுப் பதிலையும் அங்கேயே எழுதுங்கள்: "மாவுப்பூச்சிங்க. முதல்ல தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவிடுங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி தெளிங்க. எறும்பு இருந்தா அதையும் விரட்டணும், இல்லாட்டி பூச்சி திரும்ப வரும்." அதற்குக் கீழே, எறும்புக்கும் பூச்சிக்கும் என்ன தொடர்பு என்று எழுதியிருக்கிறேன் என ஒரு வரியும் லிங்கும். லிங்கைத் திறக்காதவருக்கும் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்படிப் பதில் சொன்னவரை யாரும் குரூப்பிலிருந்து தூக்குவதில்லை. அடுத்த முறை படம் வந்தால் மற்றவர்களே உங்கள் லிங்கை எடுத்துப் போடுவார்கள். ஃபேஸ்புக் மாடித்தோட்டக் குழுக்களிலும் இதேதான் வழி.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பலருக்கு இது தெரிவதில்லை.

"என் லிங்கை அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக அரைப்பக்கத்துக்கு நீள்கிறது. வைரஸா என்று கேட்கிறார்கள்!" (யாழ்ப்பாணம்)

தமிழ்த் தலைப்பு அப்படியே முகவரியாகியிருக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் கணினிக்கு மூன்று பைட், முகவரியில் அதை ஒன்பது எழுத்தாக எழுதும். "தமிழ்" என்பதில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக அந்த ஒரு சொல்லே 45 எழுத்து. வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு முகவரியை வெட்டிவிடும் என்பதால் நீளமான தலைப்பு பாதியில் அறுந்தும் நிற்கும். கூகுளின் பிளாகர் இதற்கு நேர்மாறு, தமிழை விட்டுவிட்டு வெறுமனே பொதுப்பெயரும் எண்ணுமாக வைத்துவிடும்.

இனி எழுதும் பதிவுகளுக்கு, வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக முகவரியைக் கையால் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே பகிர்ந்துவிட்ட பதிவை நான் தொட மாட்டேன். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடுகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. வேர்ட்பிரஸ் இதைத் தானாகவே செய்யும், ஆனாலும் பாருங்கள்.

"ஃபேஸ்புக்கில் பணம் கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனில் ஆயிரம் ரூபாய் போடலாமா?"

வேண்டாம். விற்பதற்கு ஏதாவது இருந்தால் யோசிக்கலாம். ஒற்றைப் பதிவுக்கு என்றால் லைக் வரும், பணம் தீர்ந்த அன்றே ஆளும் நின்றுவிடும்.

"2006 முதல் எழுதியவன், நடுவில் நிறுத்திவிட்டேன். அப்போதெல்லாம் தமிழ்மணத்தில் சேர்த்தால் சாயங்காலத்துக்குள் முப்பது பின்னூட்டம் வரும். இப்போது அந்த மாதிரி இடம் எது?" (சென்னை)

உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் கனத்தது சார். தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய, 2004இல் தொடங்கிய தமிழ்மணம் ஒரு திண்ணை மாதிரி இருந்தது, யார் என்ன எழுதினாலும் எல்லோர் கண்ணிலும் படும். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோது, ஓடை (ஃபீட்) வழியாகப் படித்த கூட்டமும் கலைந்தது. அதற்கு ஈடான ஒரே இடம் என்று இன்று எதையும் காட்ட முடியாது.

ஆனால் அந்தக் காலப் பழக்கம் ஒன்று இன்றும் வேலை செய்கிறது: ஒருவரையொருவர் படிப்பது. உங்கள் பதிவில் வேறொருவரின் நல்ல கட்டுரைக்கு இணைப்புக் கொடுங்கள், கொடுத்ததை அவருக்கு இரண்டு வரி மின்னஞ்சலில் சொல்லுங்கள், பதிலுக்கு எதையும் கேட்காதீர்கள். எல்லோரும் திரும்ப இணைப்புத் தர மாட்டார்கள், தருகிற ஒருவர் போதும். விக்கிப்பீடியாவில் நம் லிங்கை நாமே கொண்டுபோய்ச் செருகுவது மட்டும் கூடாது, நீக்கிவிடுவார்கள், நீக்குவதுதான் நியாயமும்.

உங்களிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது, அதை மறந்துவிட்டீர்கள். இத்தனை ஆண்டுகளாக எழுதிய பழைய பதிவுகள்! அவற்றில் இன்றும் ஆள் வருகிற ஐந்தாறைக் கண்டுபிடித்து, பொருத்தமான வரியில் புதிய பதிவுக்கு இணைப்புக் கொடுங்கள். அரைமணி நேர வேலை. வாசகரும் வருவார், கூகுளும் அந்த வழியாகப் புதிய பக்கத்தைக் கண்டுபிடிக்கும்.

"மின்னஞ்சலில் முழுப் பதிவையும் அனுப்பலாமா?"

சின்னப் பதிவு என்றால் அனுப்புங்கள். ஜிமெயில் 102 கேபிக்கு மேல் போனால் மீதியை மடித்துவிடும், தமிழுக்கு மூன்று மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் நீளக் கட்டுரைகள் அதில் சிக்கும். அப்படிப்பட்டவற்றில் முதல் மூன்று பத்தியும் லிங்கும் போதும்.

"ஒரே பதிவை எத்தனை தடவை பகிரலாம்? கூச்சமாக இருக்கிறது." (தஞ்சாவூர்)

கூச்சம் வேண்டாம், முதல் முறை நீங்கள் பகிர்ந்ததை உங்கள் நண்பர்களிலேயே பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் "மீள்பதிவு" என்ற ஒற்றைச் சொல்லோடு போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கட்டும். இரண்டாம் நாள் பதிவிலிருந்து ஒரு படம், பத்தாம் நாள் ஒருவர் பின்னூட்டத்தில் கேட்ட சந்தேகமும் அதற்கு உங்கள் பதிலும், ஒரு மாதம் கழித்து நீங்களே செய்து பார்த்ததில் தெரிந்த திருத்தம். அந்தத் திருத்தத்தைப் பதிவிலும் சேர்த்துவிட்டு, சேர்த்த தேதியைக் குறிப்பிடுங்கள். எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பது வாசகரை ஏமாற்றுவது, அதைச் செய்யவே கூடாது.

நீங்கள் எழுதியிருப்பது காய்கறி விதைப்பு பற்றி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்கு மட்டுமல்ல, இந்தப் பதிவுக்கும்தான். இப்போது இரண்டு மூன்று முறை பகிர்ந்துவிட்டு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஆனி கடைசி வாரத்தில், ஆட்கள் விதைக்கடைக்குக் கிளம்புகிற நேரத்தில், அந்த வருடம் உங்கள் வீட்டில் என்ன விதைக்கப்போகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதி மறுபடியும் போடுங்கள். காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.