ஒரே கால்வாய், இரண்டு ஏரிகள்: சேர்ந்து தூர்வாரலாமா?

கேள்வி: எங்கள் ஏரியும் கீழுள்ள பக்கத்து ஊர் ஏரியும் ஒரே வரத்துக் கால்வாயில்தான் நிரம்புகின்றன. இரண்டு பாசன சங்கங்களும் செலவைப் பகிர்ந்து பொக்லைன் வைத்துக் கால்வாயைத் தூர்வார நினைக்கிறோம். ஏரி மண்ணை எடுத்துக்கொள்ள விட்டால் வேலையை இலவசமாக முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
– விவசாயி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: சேர்ந்து செய்யுங்கள். அந்த 'இலவச' மனிதரை மட்டும் ஏரிக்கரையில் ஏற விடாதீர்கள்.

வட்டாட்சியர் தரும் மண் அனுமதி விவசாயிக்கு, அவருடைய நிலத்துக்கு. ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90. விற்பதற்கு அதில் இடமில்லை. அந்த மனிதர் உங்கள் பெயரில் அனுமதி வாங்கிச் செங்கல் சூளைக்கு லோடு அடிப்பார். பிடிபட்டால் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து. லாரி வந்து நிற்க வசதியான இடத்தில்தான் தோண்டுவார். அது பெரும்பாலும் கரையின் அடியாக இருக்கும், கரை வலுவிழக்கும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே ஆளுயரப் பள்ளம் பறித்தால் அதில் தேங்கும் தண்ணீர் ஒரு வயலுக்கும் பாயாது. ஏரி நிறைந்தது போலத் தெரியும், கடைமடை காயும்.

செலவைப் பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தந்த ஏரியில் பாசனம் பெறும் நிலம், அதன் ஏக்கர் கணக்கில் பிரியுங்கள். இரு தலைவர்களும் டீக்கடையில் பேசி முடித்தது பேச்சாகாது. இரண்டு சங்கங்களின் பொதுக்குழுவிலும் தீர்மானம் போடுங்கள். மேல் ஏரியின் கலங்கலில், அதாவது நிறைந்த நீர் வழிந்து வெளியேறும் இடத்தில், மணல் மூட்டை அடுக்கி உயர்த்தக் கூடாது என்பதையும் அதில் எழுதுங்கள். சண்டை அங்கேதான் தொடங்கும். இதற்கென்று புதிதாக டிரஸ்ட் பதிவு செய்யச் சொல்லும் தரகர்களை நம்ப வேண்டாம். ஒரு சங்கம் வாடகையைக் கட்டட்டும், மற்றது தன் பங்கைக் காசோலையாகக் கொடுக்கட்டும். வேளாண் பொறியியல் துறையில் மணிக்கணக்கு வாடகைக்கு இயந்திரம் கிடைக்கிறது. தினமும் வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் இரு ஊர் ஆள்களும் நின்று, இயந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டரைப் படம் எடுங்கள்.

ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் நூறு ஏக்கருக்கு, மேற்பட்ட ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. இந்த வரம்பின் ஒரு பக்கம் உங்கள் ஏரியும் மறுபக்கம் அவர்கள் ஏரியும் இருந்தால், ஒரே தண்ணீருக்கு இரண்டு அலுவலகம். நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் 'ஒன்றியத்தைக் கேளுங்கள்' என்பார். ஒன்றியத்தில் 'பொறியாளர் கடிதம் எங்கே' என்பார்கள். தண்ணீர் பிரித்துப் பார்த்தா ஓடுகிறது? கோப்புதான் பிரித்துப் பார்க்கிறது. ஒரே மனுவை இரு சங்கங்களும் கையெழுத்திட்டு இரண்டு அலுவலகங்களிலும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டு ஒப்புகைச் சீட்டும் வாங்குங்கள். நகலை மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே இரண்டு அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் கைகாட்டுவது கடினம். கால்வாயின் சர்வே எண்ணும் புலப்பட (நில அளவை வரைபட) நகலும் மனுவோடு இருக்கட்டும். இல்லையென்றால் அதற்காகவே ஒரு மாதம் இழுப்பார்கள்.

மனுவை ஆனியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசியில் வரும் அனுமதியை வைத்துக்கொண்டு சேற்றில் பொக்லைனை இறக்க முடியாது.