26 கிலோ அரிசி மூட்டை எதற்காக? மளிகைச் செலவு பற்றிய கேள்வி பதில்

கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கூப்பன், தள்ளுபடிச் சீட்டு எதையும் நம்பாமல் மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி என்று பலரும் கேட்டிருந்தீர்கள். இயன்றவரை விரிவாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் நால்வர் உள்ள குடும்பம். மாதத் தொடக்கத்தில் பட்டியல் போட்டுத்தான் வாங்குகிறோம். ஆனாலும் செலவு குறையவில்லை. எங்கே தொடங்குவது?

பட்டியலைக் கடையில் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ எழுதாமல், சமையலறையில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்தபடி எழுதுங்கள். ரப்பர் பேண்டு போட்டு மடித்து வைத்த கடலைப்பருப்புப் பொட்டலம் ஒன்று மேல் தட்டிலும் இன்னொன்று கீழ்த் தட்டிலும் இருக்க, மூன்றாவதை வாங்கி வரும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழையதை முன்னால் வைத்து, புதியதைப் பின்னால் அடுக்குவதுதான் பண்டகசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். வீட்டுக்கும் அது அப்படியே பொருந்தும்.

கேள்வி: அரிசி மூட்டை முன்பு 25 கிலோவாக இருந்தது. இப்போது 26 கிலோ என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு விவரம் அச்சிட்ட அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு அந்த வரி இல்லை என்பதால்தான் 26 கிலோ மூட்டை கடைகளுக்கு வந்தது. ஆனால் மூட்டை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து வாங்குங்கள். புதுநெல் அரிசி குழையும், பழைய அரிசி உபரி காணும். ஆகவே கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பழைய அரிசியே பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகும்.

கேள்வி: ஆண்டுக்கு வேண்டிய புளி, மிளகாய், துவரம்பருப்பை மொத்தமாக வாங்குவது லாபமா? எனக்கு எப்போதும் வண்டு வந்துவிடுகிறது.

லாபம்தான், ஆனால் வரத்துக் காலத்தில் வாங்கி, கெடாமல் வைத்தால் மட்டுமே. துவரை மார்கழி, தை மாதங்களிலிருந்து சந்தைக்கு வரத் தொடங்கும். புதுப்புளி தை முதல் பங்குனி வரையிலும், இராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாய் மாசி, பங்குனியிலும் வரும். பங்குனி, சித்திரை வெயிலும் தொடர்ந்தே வருவதால், வாங்குவதற்கும் காய வைப்பதற்கும் அதைவிட ஏற்ற காலம் கிடையாது.

உங்களுக்கு வண்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரப்பதமே. பருப்பை இரண்டு நாள் நல்ல வெயிலில் பரப்பி, மாலையில் உள்ளே எடுத்ததும் டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். சூடு முழுவதும் ஆறும் வரை துணியில் பரப்பியே வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரமே வண்டுக்கு வழி செய்துவிடும். புளியைக் கொட்டையும் நாரும் நீக்கி, ஓர் அடுக்குப் புளி, ஒரு பிடி கல் உப்பு என்று மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி வையுங்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் எவர்சில்வர் தூக்கு வேண்டாம். மிளகாயைக் காம்போடு காய வைத்து, அரைக்கும்போது காம்பைக் கிள்ளிக் கொள்ளலாம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடன் வாங்கி ஆண்டுச் சாமான் வாங்காதீர்கள். கையில் பணம் குறைவாக இருந்தால், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் புளி அப்படித்தான் வந்தது.

கேள்வி: எண்ணெய்ப் பொட்டலங்களின் அளவு குழப்புகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ ஆகாது, ஏறத்தாழ 910 கிராம்தான் நிற்கும். ஒரு லிட்டர் 160 ரூபாய்க்கும் பக்கத்தில் 850 மி.லி. 144 ரூபாய்க்கும் இருந்தால், கை தானாக இரண்டாவதற்குத்தான் போகும். ஆனால் வகுத்துப் பார்த்தால் அது லிட்டர் 169 ரூபாய் ஆகிறது. பொட்டலத்தில் கிராமுக்கு அல்லது மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பதும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: காய்கறிக்குத்தான் எங்களுக்கு அதிகம் செலவாகிறது. உழவர் சந்தை தொலைவில் இருக்கிறது. போய் வருவது பயனுள்ளதா?

பேருந்துச் செலவையும் கணக்கில் சேர்த்து, வாரத்தில் ஒரு நாள் போனால் பயன் உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில், இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கிறார். அன்றைய விலையும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். வாங்கப் போகாத நாளிலும் அந்த விலையைத் தெரிந்துகொண்டால், தெருவில் வரும் வண்டிக்காரரிடம் நியாயமாகப் பேச முடியும்.

அதைவிடப் பெரிய சேமிப்பு, விலை ஏறிய காயைக் கட்டாயமாக்கிக்கொள்ளாமல் இருப்பதில் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முருங்கைக்காய் விலை எட்டாத உயரத்துக்குப் போகும். அப்போது சாம்பாருக்குப் பூசணியும் முள்ளங்கியும் போதும். முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் காய் வாங்குவதைத் தவிர்ப்பதும் நல்லது.

கேள்வி: ரேஷன் பருப்பும் பாமாயிலும் வாங்கப் பக்கத்து வீட்டார் முன்னால் கூச்சமாக இருக்கிறது. தரமும் சந்தேகம். என்ன சொல்கிறீர்கள்?

கூச்சப்பட இதில் எதுவும் இல்லை, அம்மா. 2007 முதல் நடக்கும் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால், இந்த இரண்டு பொருளில் மிச்சமாகும் தொகைக்கு ஈடாக வேறு எந்தச் சிக்கனமும் நிற்காது. சில மாதங்களில் பருப்பு வேகத் தாமதமாகும். அரை மணி நேரம் வெந்நீரில் ஊற வைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: இட்லி மாவைப் பாக்கெட்டில் வாங்குவதா, வீட்டில் அரைப்பதா?

கிரைண்டர் இருந்தால் அரையுங்கள். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால், தண்ணீரோடு சேர்த்து மூன்று கிலோ அளவுக்கு மாவு கிடைக்கும். அந்த அரிசி, உளுந்தின் விலையை மூன்றால் வகுத்து, கடையில் ஒரு கிலோ மாவுக்குக் கொடுக்கும் பணத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். உளுந்து புதியதாக இருந்தால் மாவு பொங்கி வரும். நாள்பட்ட உளுந்து உபரி காணாது என்பதால், அதை மட்டும் மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம்.