பழைய இழைப்புளி மரத்தைப் பிய்க்கிறதா?

கேள்வி: பழைய இரும்பு இழைப்புளி ஒன்று கிடைத்தது. துரு நீக்கிவிட்டேன். ஆனால் சீவாமல் மரத்தைப் பிய்க்கிறது. சீவலும் வாயில் அடைக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அடைப்புக்குப் பெரும்பாலும் மேல் தகடுதான் காரணம். அதை வெட்டும் தகட்டோடு முடுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் சீவல் அதில் புகுந்து சிக்கும். மேல் தகட்டின் நுனி அடிப்பகுதியைச் சாணைக்கல்லில் தேய்த்து, இடைவெளியே இல்லாமல் படிய வையுங்கள். பிறகு கூர்முனையிலிருந்து அரை மில்லிமீட்டர் பின்தள்ளி முடுக்குங்கள். முரட்டு மரமென்றால் இன்னும் நெருக்கமாக.

வெட்டும் தகட்டைச் சாணை பிடிக்கும்போது சரிவு 25 டிகிரி, கடைசி நுனி மட்டும் 30 டிகிரி. பின்பக்கம் விளிம்பு முழுக்கப் பிசிறு விரலில் தட்டுப்படும்வரை நிறுத்தாதீர்கள். பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்துப் பிசிறை எடுங்கள். பின்பக்கம் முழுதும் பளபளக்க வேண்டியதில்லை, விளிம்பையொட்டி ஒரு சென்டிமீட்டர் போதும்.

அடிப்பாகம் வளைந்திருந்தால் கண்ணாடிமேல் 120 எண் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கலாம். தகடு உள்ளிழுத்த நிலையில், முடுக்கியபடியே இருக்கட்டும். கழற்றினால் அடிப்பாகத்தின் வளைவு மாறும்.

இதற்குப் பிறகும் பிய்த்தால், பலகையை முனை மாற்றிப் போட்டு, மர ரேகை ஏறும் திசையில் இழையுங்கள்.